பின்சக்கரத்தில் ஒரு சத்தம்

நம் வயசுக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பழைய கார் ஒன்று ரோட்டில் போனால் போதும், நின்று பார்த்து "எங்க காலத்துல" என்று ஆரம்பித்துவிடுவோம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கப்பன் பார்க் பக்கம் பழைய கார்களின் ஊர்வலம் ஒன்று. என்னோடு நடக்க வரும் சிநேகிதிகள் முட்டி வலியை மறந்து போனை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். எனக்குக் கால் எழவில்லை. கார்களின் சொந்தக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, தன் வண்டியைச் சரிசெய்ய ஆறு வருஷம் ஆனது, இந்த வேலைக்குப் பொறுமைதான் முதல் மூலதனம் என்று பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. "உனக்கு என்னடி ஆச்சு, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?" என்று கேட்டார்கள். காபி குடிக்கலாம் வாருங்கள் என்று பேச்சை மாற்றிவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நம் செட்டு ஆட்கள்தானே, முதல் நாலு வரியோடு ஓடிவிட மாட்டீர்கள்.

எனக்கு அப்போது பத்து வயசு. லிங்கராஜபுரத்தில் ஓனரம்மாவின் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை எங்களுக்கு. முன்னால் ஒரு பலாமரமும் பெரிய முற்றமும். இப்போது அங்கே போய்த் தேடினால் பலாமரம் இருந்த இடத்தில் லிஃப்ட் ஓடுகிறது. அப்பா கோலார் தங்கவயலில் ஃபிட்டராக இருந்தவர். ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றும் கூண்டும், அதை இழுக்கிற கம்பிவடமும் அவர் பொறுப்பு. அம்மாவுக்கு இதயத்தில் வால்வு சுருங்கிவிட்டதென்று டாக்டர்கள் சொன்ன பிறகு, பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகச் சுரங்க வேலையை விட்டுவிட்டு பெங்களூர் வந்து ஒரு ஃபேக்டரியில் சேர்ந்தார்.

அந்த வருஷம் ஈஸ்டர் லீவில் வண்டி வந்தது. சுரங்கத்தில் அப்பாவுக்கு மேலதிகாரியாக இருந்த ஆங்கிலோ இந்தியரான சட்டைக்காரத் துரை ஒருவர் ரிட்டையராகி குக் டவுனில் இருந்தார். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனிடம் போகிறார் என்பதால் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். ஷெட்டில் தார்ப்பாயின் கீழே பல வருஷமாகக் கிடந்த காரை அப்பாவிடம் கொடுத்து, "உன் கையில் இருந்தால் இது ஓடும்" என்றாராம். ஓடுவது இருக்கட்டும், உருள்வதே கஷ்டம். மாட்டுவண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். ஸ்டியரிங்கை அப்பா பிடித்திருந்தார், பக்கத்தில் நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ரயில்வே கேட்டருகே ஒருவர், "ஃபிட்டரே, பெட்ரோல் ஊத்துறதா புல்லு போடறதா?" என்று கேட்டதற்கு அப்பாவே சிரித்துவிட்டார். அப்பா சிரித்து நான் பார்த்தது குறைவு, அதனால் ஞாபகம் இருக்கிறது.

கரும்பச்சை நிறம். உள்ளே தோல் சீட்டு வெடித்து, தேங்காய் நார் எட்டிப் பார்க்கும். கதவைத் திறந்தால் பழைய புகையிலையும் எலிப்புழுக்கையும் கலந்த ஒரு வாசனை. அதை எப்படி எனக்குப் பிடித்தது என்று கேட்காதீர்கள், பிடித்தது. டேஷ்போர்டில் ஒரு சின்னக் கடிகாரம், நாலே கால் காட்டிக்கொண்டு நின்றுபோயிருந்தது. தெருவில் எல்லாரும் அதற்குத் துரை வண்டி என்று பேர் வைத்தார்கள். மழை நாளில் நான் அதற்குள் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு படித்தேன்.

முதலில் அது அப்பாவின் பொழுதுபோக்கு மட்டும்தான். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரம் தங்கவயல் சுரங்கக் குடியிருப்பில் எங்களுக்குப் பக்கத்து லைன் வீட்டில் இருந்த அக்கா அம்மாவைப் பார்க்க வந்தாள். அன்றிலிருந்து அது பொழுதுபோக்கு இல்லை.

இதற்கு நான் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஐந்து வயசில் தம்பி போய்விட்டான், வாந்தி பேதியில். இரண்டு வயசு. அன்று சாயங்காலமே அடக்கம். அதே நாளில் சுரங்கத்தில் கூண்டு நடுவழியில் சிக்கி, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா மேலே வடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சேதி போனது. "உள்ள ஆளுங்க இருக்காங்க" என்று மட்டும் திருப்பிச் சொல்லி அனுப்பினாராம். அம்மாவும், சின்னப் பெட்டியைத் தோளில் தூக்கிய அம்மாவின் அப்பாவும், உபதேசியாரும்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். பக்கத்து லைன் அக்கா என்னை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். தாத்தா அடுத்த வருஷம் போய்விட்டார், உபதேசியார் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். அப்பா அதற்குப் பிறகும் அந்தத் தோட்டத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. கல்லறைத் திருநாளுக்கு அம்மாவை வாசல்வரை கூட்டிப்போய் வெளியிலேயே நிற்பார். தம்பி படுத்திருக்கிற இடம் உலகத்தில் அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும்.

வந்த அக்கா காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "தோட்டத்துல எடமே இல்லையாம்க்கா. இந்தத் திருநாளு வரிக்கும் பாப்பாங்களாம். பேரு எழுதின குருசு இல்லாத குழியெல்லாம் அப்பால வேற ஆளுங்களுக்குக் குடுத்துடுவாங்களாம். உம்புள்ளைக்கு வெச்ச மரக்குருசு இருக்குதா?"

"கரையான் தின்னுடிச்சு" என்றாள் அம்மா. "போன தடவ போனப்பவே இல்ல. சுத்தி கல்லுதான் வெச்சிட்டு வந்தேன்."

அம்மா ரயிலில் போகக் கூடாது. கூட்டத்தில் நிற்கக் கூடாது, படியேறக் கூடாது. தங்கவயல் ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் கம்பியில் தொங்கிக்கொண்டு வருவார்கள். அதோடு பங்காரப்பேட்டையில் வேறு வண்டி மாற வேண்டும். முந்தின வருஷம் பிடிவாதமாகப் போய், திரும்பி வரும்போது பிளாட்பாரத்திலேயே விழுந்துவிட்டாள்.

"நான் போய் குருசு நட்டுட்டு வரேன், எடத்த சொல்லு" என்றார் அப்பா.

"சொன்னா தெரியாதுங்க. உங்களுக்கு எல்லா மண்ணும் ஒண்ணுதான். நான் நடந்தாத்தான் என் காலுக்குத் தெரியும்."

அம்மா அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்கு எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. எழுந்து முற்றத்துக்குப் போய்த் துரை வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "திருநாளுக்கு இந்த வண்டியில உன்ன கூட்டிட்டுப் போறேன். பின் சீட்டுல படுத்துக்கினே வரலாம்" என்றார். அம்மாவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை என்னால் எழுத முடியாது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஜூனிலிருந்து நவம்பர் இரண்டாம் தேதி வரை எவ்வளவு நாள் இருக்கிறது!

எஞ்சின் வெளியே வந்தது. பலாமரக் கிளையில் சங்கிலி போட்டு இறக்கினார்கள். முற்றம் முழுக்கப் பழைய பேப்பர் விரித்து, ஒவ்வொரு உருப்படியையும் மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக வைத்தார் அப்பா. அம்மா கோலம் போட இடமில்லாமல் வாசற்படி ஓரத்தில் நாலு புள்ளி மட்டும் வைப்பாள். கிறிஸ்தவ வீட்டில் கோலமா என்று கேட்பீர்கள். எங்கள் லைனில் எல்லார் வீட்டிலும் உண்டு. ஒருநாள் அப்பா வால்வுகளைக் கரகரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்றேன். வால்வு சரியாக மூடாவிட்டால் எஞ்சினுக்கு மூச்சு வராது, தேய்த்தால் சரியாகும் என்றார். "அப்ப அம்மாவோட வால்வையும் தேய்க்கலாம்ல?" என்று கேட்டேன். அம்மா மூச்சு வாங்கும்வரை சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டார்.

ஜூலையில் எஞ்சின் மூடியில் முடி போன்ற ஒரு விரிசலைக் கண்டுபிடித்தார். அதை ஒட்டவைக்கக் கொடுத்த இடத்தில் மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். ஆகஸ்டில் பிரேக்குக்கு ரப்பர் வளையம் மெட்ராஸிலிருந்து பார்சலில் வந்தது. பிரித்துப் பார்த்தால் வேறு வண்டியினுடையது. திருப்பி அனுப்பி, மறுபடி வரவழைத்து, அதற்குள் மழை பிடித்துக்கொண்டு, தார்ப்பாய் கிழிந்து, கழுவி வைத்ததெல்லாம் துரு ஏறியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு குஜிரிக்குப் போவார். பழைய இரும்பு, பழைய சாமான் எல்லாம் தரையில் கொட்டி விற்கிற சந்தை. அங்கே ஒரு பாய் இருந்தார். தாடிக்கு மருதாணி, வாயில் வெற்றிலை. எந்த வண்டியின் எந்த உறுப்பையும் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவார். தன் பையிலிருந்து எனக்கு ஒரு பேரீச்சம்பழம் கொடுக்காமல் அவர் பேச்சைத் தொடங்கியதில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வண்டி ஓடியது. ஆமாம், ஓடியது. பாய் வந்திருந்தார், ஓனரம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். எஞ்சின் இருமி, தும்மி, பிறகு ஒரே சீராகப் பாடத் தொடங்கியபோது தெருப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அம்மா உள்ளே போய் நல்ல புடவை ஒன்று கட்டிக்கொண்டு வந்து பின் சீட்டில் உட்கார்ந்தாள். ரயில்வே கேட்வரை போய்த் திரும்பினோம். அம்மா கண்ணாடியை இறக்கி முகத்தைக் காற்றில் வைத்துக்கொண்டாள்.

இறங்கியதும் அப்பா சொன்னார். "பின்னால ஒரு சத்தம் கேட்டுச்சே. டொக்கு டொக்குன்னு."

பாய் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "அரே ஃபிட்டர் சாப், ஒண்ணும் இல்ல. பழைய காடி, கிழவி மாதிரி அதும்பாட்டுக்கு எதுனா முணுமுணுக்கும். இதுல மெட்ராஸ் போயிட்டு வரலாம். கழட்டாதீங்க, நக்கோ."

"பின்னச்சு பேரிங்கா இருந்தா? சக்கரம் கழண்டுக்கினு போனா?"

"இருந்தாத்தானே!"

"ஆள ஏத்துற மிஷின்ல சந்தேகம் இருக்கக் கூடாது பாய்."

இதுதான் அப்பா. சுரங்கம் அவருக்குக் கற்றுக்கொடுத்த விதி அது. கம்பிவடத்தில் இரண்டு இழை அறுந்தால் மொத்த வடத்தையும் தள்ளிவிட வேண்டும். சத்தம் வந்தால், ஆளைக் கொல்லக்கூடியது எதுவோ அதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சின்னதிலிருந்து தொடங்குவது என்பதே அந்த வேலையில் கிடையாது. அந்த விதியால் எத்தனை பேர் அன்றன்றைக்குத் தங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போனார்களோ, அதை நான் குறை சொல்ல முடியாது. ஆனால் இது கூண்டு இல்லையே.

அம்மா அன்றைக்கு வாய் திறந்தாள். "அந்தச் சத்தத்தோடவே போயிட்டு வந்துடலாங்க. நாளைக்கே போலாம்."

"இன்னும் ஒரு மாசம் இருக்குது. ரெண்டு வாரத்துல முடிச்சிடுவேன்."

"எனக்கு பயமில்லைங்க."

"எனக்கு இருக்குதே" என்றார் அப்பா.

மறுநாளே பின்சக்கரங்கள் கழன்றன. வண்டியைச் செங்கல் அடுக்கின் மேல் நிறுத்தினார். அந்த அளவு பேரிங் பெங்களூரில் இல்லை. ஜே.சி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். கோயம்புத்தூருக்கு எழுதினார், பம்பாய்க்கு எழுதினார். இரண்டு வாரம் நாலு வாரமானது. ஓனரம்மா தினமும் வந்து, "ஏனு ஃபிட்டரே, காடி ரெடி ஆய்த்தா?" என்று கன்னடத்தில் கேட்பாள். கடைசியில் அவளே பொறுக்காமல், டாக்ஸி ஓட்டுகிற தன் மருமகனை அனுப்புவதாகச் சொன்னாள். ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். அப்பா நன்றி சொல்லி மறுத்துவிட்டார். "அந்த வண்டி பிரேக்க நான் பார்த்ததில்லம்மா. எந்த நம்பிக்கையில இவள ஏத்தறது?" ஓனரம்மா தலையில் அடித்துக்கொண்டு போனாள். கொழுப்பு என்று தெருவில் பேசினார்கள். பெண்டாட்டியைவிடக் காரே பெரிசாகப் போய்விட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பாவோடு ஒரு வாரம் பேசவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி வந்தது. பேரிங் வரவில்லை.

அன்று காலை அம்மா குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, தம்பிக்காக வாங்கி வைத்திருந்த மெழுகுவர்த்திப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, சக்கரமில்லாத வண்டியின் பின் சீட்டில் போய் உட்கார்ந்தாள். மத்தியானம்வரை அங்கேயே இருந்தாள். அப்பா வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ ராவிக்கொண்டே இருந்தார். தேய்க்க வேண்டியது எதுவும் பாக்கியில்லை என்று எனக்கே தெரியும். நான் சோறு போட்டு எடுத்துக்கொண்டு போனேன். "அப்பாக்கு மொதல்ல குடு" என்றாள். பொட்டலத்தை அவள் பிரிக்கவே இல்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம், இத்தனை வருஷத்துக்குப் பிறகும், இதை எழுதும்போது அப்படியே வருகிறது.

பேரிங் நவம்பர் மூன்றாம் வாரம் வந்தது. டிசம்பர் முதல் சனிக்கிழமை, குளிரில், காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். டிக்கியில் அப்பா ஃபேக்டரியில் செய்த இரும்புக் குருசு. கறுப்புப் பெயிண்ட் அடித்து, வெள்ளையில் தம்பியின் பேரை எழுதியிருந்தார். அம்மா பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். நான் அவள் காலடியில். "ஒரு மாசந்தானே ஆச்சு. அதுக்குள்ளயா வெட்டிடுவாங்க" என்று கிளம்பும்போது அப்பா சொன்னார். அம்மா "ஆமா" என்றாள்.

கே.ஆர்.புரம் தாண்டி, ஹொஸகோட்டே வரும்போது அந்தச் சத்தம் கேட்டது. டொக்கு டொக்கு. அதே சத்தம்.

அப்பாவின் கழுத்தை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அப்படியே விறைத்துவிட்டது. கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி இறங்கி, பின்சக்கரங்களின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடில்லை. டிக்கியைத் திறந்தார். உபரிச் சக்கரத்தைப் பிடித்து வைக்கிற பட்டையில் ஒரு போல்ட் லூசாக இருந்தது. ஸ்பானரை வைத்து இரண்டு சுற்றுச் சுற்றினார். திரும்ப ஏறி ஓட்டினார். சத்தம் இல்லை.

செப்டம்பரில் நாங்கள் கேட்டதும் அதுவேதான். இரண்டு சுற்று. அதற்குத்தான் பத்து வாரம்.

கோலார் வருகிறவரை அப்பா ஒரு கையால் மட்டும் ஓட்டினார், இன்னொரு கை மடியில் கிடந்தது. அம்மா எழுந்து உட்கார்ந்து முன்னால் எட்டி, அவர் தோளில் கையை வைத்தாள். "வண்டி சூப்பரா ஓடுதுங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

தங்கவயலில் தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேடுகள் வெளுத்துத் தெரிந்தன. கல்லறைத் தோட்ட வாசலில் வண்டி நின்றது. அப்பா குருசையும் கடப்பாரையையும் இறக்கிக்கொண்டிருக்க, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். மெதுவாக, நின்று நின்று. மூலையில் ஒரு தைலமரம். அதன் அடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "இங்கேருந்து செவுத்தோரமா பதினோரு அடி பாப்பா. என் அடி." எண்ணிக்கொண்டே நடந்தாள். நானும் கூட எண்ணினேன்.

பதினொன்றில் ஒரு புதுக் கல்லறை இருந்தது. சின்னதுதான், குழந்தையுடையது. சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாக, மேலே காய்ந்த சாமந்தி. குருசில் யாரோ ஒரு பெண்பிள்ளையின் பேர், நவம்பர் மாதத் தேதி. அம்மா வைத்துவிட்டுப் போன கற்கள் ஓரமாக ஒதுக்கிக் குவிக்கப்பட்டிருந்தன.

அம்மா அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி வாசலைப் பார்த்தாள். அப்பா குருசைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஐந்து வருஷமாக நுழையாத அந்த வாசலில் நுழைந்து வந்துகொண்டிருந்தார். தலையைக் குனிந்து, வழியில் இருக்கிற கல்லறைகளை மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்து.

"அப்பா கிட்ட சொல்லாத" என்றாள் அம்மா. "அவரு தாங்க மாட்டாரு."

என் கையை இழுத்துக்கொண்டு இன்னும் நடந்தாள். நாலு அடி. அங்கே வெறும் தரை, கொஞ்சம் மேடாக, காட்டுப்புல் முளைத்துக் கிடந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தாள். "இதோ இருக்கான்ங்க புள்ள" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். குரல் பிசகவே இல்லை. எப்படி முடிந்தது அவளால்?

அப்பா குருசைக் கீழே வைத்தார். மண்டிபோட்டார். புல்லை இரண்டு கையாலும் பிடுங்கினார். பிறகு அந்த மண்ணின் மேல் நெற்றியை வைத்து, "டேய் ராஜா, அப்பா லேட்டா வந்துட்டேன்டா" என்று வாய்விட்டு அழுதார். அதற்கு முன்னும் பின்னும் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "வந்துட்டீங்க இல்ல, அது போதும்" என்றாள். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அங்கே தம்பி இல்லை, நீங்கள் அழ வேண்டியது நாலு அடி தள்ளி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. தம்பியின் இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றேன். பார்த்தால் அப்பாவும் பார்ப்பார். அம்மா பொட்டலத்தைப் பிரித்து எல்லா மெழுகுவர்த்தியையும் அந்த வெறும் மண்ணில் ஏற்றினாள்.

திரும்பி வரும்போது அப்பா ஆளே மாறிவிட்டார். நரசாபுரத்தில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். "லேட்டானாலும் கரெக்டா வந்து சேர்ந்துட்டோம் பாத்தியா. தொட்டிருக்க மாட்டாங்கன்னு சொன்னேன் இல்ல?" என்றார். "சொன்னீங்க" என்றாள் அம்மா. அவருக்குத் தெரியாமல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல்தான் இருந்தது. பத்து வயசுப் பெண்ணிடம் ஒரு தாய் அப்படிக் கெஞ்சக் கூடாது.

அந்த வண்டியை அப்பா அடுத்த வருஷமே பாயிடம் கொடுத்துவிட்டார். பாய் அதைப் பிரித்து விற்றாரா, ஓட்டி விற்றாரா தெரியாது. நானும் கேட்கவில்லை. அப்பா அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். ஒவ்வொரு திருநாளுக்கும் சுண்ணாம்பு வாளியோடு ரயிலேறிப் போய், அந்த மண்ணுக்கு வெள்ளையடித்து, தம்பியிடம் வீட்டு விஷயமெல்லாம் பேசிவிட்டு வருவார். என் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அங்கேதான் வைத்தார். நான் கூடவே நின்றேன். அவர் சாகிறவரை சொல்லவில்லை. முன்பெல்லாம் அவரைப் பிடிவாதக்காரர் என்று நினைப்பேன். இப்போது, அவர் வயசைத் தாண்டிய பிறகு, வேறு மாதிரி தோன்றுகிறது. பிள்ளையை அடக்கம் செய்யப் போக முடியாத மனுஷன், பெண்டாட்டியையாவது ஒரு சந்தேகமும் இல்லாத வண்டியில் ஏற்ற வேண்டும் என்று பயந்திருக்கிறார். அந்தப் பயத்துக்கு நாங்கள் எல்லாரும் கொழுப்பு என்று பேர் வைத்தோம்.

அம்மா அந்த டிசம்பருக்கு அடுத்து வந்த தவக்காலத்திலேயே போய்விட்டாள், ஈஸ்டருக்குப் பத்து நாள் இருக்கும்போது. அவளைப் பெங்களூரில் வைக்க அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "புள்ள பக்கத்துலதான் வைக்கணும். அவ அதுக்குத்தான் தவிச்சா" என்றார். எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வேன் ஒன்றில் பெட்டியை ஏற்றிக்கொண்டு தங்கவயல் போனோம். பங்குச் சாமியாரும் சரி என்றுவிட்டார்.

குழி வெட்டுகிறவர் கடப்பாரையோடு அப்பா நட்ட குருசின் அருகே நின்று, "எந்தப் பக்கம் வெட்டட்டும்?" என்று கேட்டார். அப்பா குருசையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை சொன்னால் அம்மா தம்பி பக்கத்திலேயே போய்விடலாம். சொன்னால், அன்று மண்ணில் நெற்றியை வைத்து அழுத இந்த மனுஷன் என்ன ஆவார்?

"இந்தப் பக்கம்" என்று தைலமரமும் அந்தப் பதினோராவது அடியும் இருக்கிற பக்கத்தைக் காட்டினேன்.

"அங்க வேரு ஓடும் பாப்பா. அந்தப் பக்கம்னா மண்ணு லேசு."

"இல்ல, இந்தப் பக்கம்தான்!" என்று காலைத் தரையில் உதைத்து, எல்லார் முன்னாலும் அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். ஒரு அத்தை என் வாயைப் பொத்த வந்தாள்.

"அவ சொல்ற பக்கமே வெட்டுப்பா" என்றார் அப்பா.

வேரை வெட்டி வெட்டிக் குழி தோண்ட மத்தியானம் ஆனது. அம்மாவை இறக்கி மண்ணைத் தள்ளி எல்லாரும் வாசலுக்குப் போன பிறகு, நான் மட்டும் அந்தப் புது மண்ணின் விளிம்பிலிருந்து தம்பியின் உண்மையான இடம் வரைக்கும் நடந்து பார்த்தேன். என் காலுக்கு மூன்று அடி இருந்தது.